எல்லாவற்றோடும் சேரும் சட்டை

அவருக்குக் கதவு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சம் போய்விடும். அதனால் வந்திருக்கலாம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. மனைவி இருந்தவரை "இந்தாங்க" என்றாள். மகள் "அப்பா" என்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் கதவுதான். பயம் உள்ளவர்களுக்குக் கதவு அண்ணன்.

வீடு காலி செய்வது வேலை. ஊரில் பாதிக் கட்டிடங்களை வைத்திருந்த ஒருவருடைய ஆபீசில் மேனேஜர் ஒருவர் இருந்தார். எந்தக் குடித்தனம் போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறதோ அந்த வீட்டை அவர் சொல்வார். மறுநாள் காலையில் கதவும், ஆணி என்கிற ஒல்லியான ஆளும் போவார்கள். முதலில் துணி. அதுதான் அவர்கள் வழக்கம். பாத்திரத்தை எறிந்தால் சத்தம் வரும், அக்கம்பக்கம் கூடிவிடும். கட்டில் பீரோவைத் தூக்க ஆள் வேண்டும். துணிக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. அலமாரியைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளி ஜன்னல் வழியாகப் போட்டால் பூப்போல விழும். தன் வீட்டு உள்ளாடை நடுத்தெருவில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சட்டம் பேசுகிறவனை அவர் இதுவரை பார்த்ததில்லை. குடும்பமே கீழே ஓடும். பொறுக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் ஆணி பூட்டை மாற்றியிருப்பான்.

ஓடாதவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் கதவு.

அவருடைய உடுப்பு முழுக்க அந்த ஓடாதவர்கள் கற்றுக்கொடுத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரையும் போலக் காலர் வைத்த சட்டைதான் போட்டார். ஒரு தச்சன் அந்தக் காலரைக் கொத்தாகப் பிடித்து நிலைப்படியில் முகத்தை மோதினான். முன்பல் இரண்டு உள்ளே போயிற்று. அன்றோடு காலரை விட்டார். ஒரு நர்ஸ், பார்த்தால் காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள், அவர் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவி அவர் தோளிலேயே இறக்கினாள். அதோடு பாக்கெட் போயிற்று. ஷூ லேஸ் அவிழ்ந்து மாடிப்படியில் உருண்டபோது மேலிருந்து ஒரு தையல் மெஷின் வந்து விலாவில் விழுந்தது. லேஸ் போயிற்று. அண்ணன் தம்பி இருவர் அவர் பெல்ட்டையே உருவி அவர் கழுத்தில் போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஆணி மட்டும் அன்று மண்வெட்டியோடு வராமல் இருந்திருந்தால் கதையே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு இடுப்பில் எலாஸ்டிக். பட்டனுக்குப் பதில் அழுத்துப் பட்டன். இழுத்தால் சட்டை திறந்துகொள்ளும், பிடித்தவன் கையில் வெறும் துணி மிஞ்சும். நிறம் கரும்பழுப்பு. வெள்ளையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பஸ்ஸில் ஆட்கள் தள்ளி உட்காருகிறார்கள். கரும்பழுப்பில் எவ்வளவு சிந்தினாலும் வேர்வை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து கழிந்து, நாற்பது வயதில் அவருக்கென்று ஓர் உடுப்பு வந்து நின்றது. எல்லாம் ஒரே மாதிரி. ஒரு தையல்காரர் அளவுகூட எடுக்காமல் தைத்துக் கொடுப்பார். அந்த உடுப்பு வந்தபிறகு ஒரு விஷயம் நடந்தது. அடிக்க வேண்டிய தேவை குறைந்தது. வாசலில் வந்து நின்றதும் ஜனங்களுக்குப் புரிந்துவிடும். பிடிக்க ஒரு நுனிகூட இல்லாமல் ஒரு மனிதன் நிற்கிறான் என்றால் அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் ஓரிரண்டு பேர்தான் முரண்டு பிடித்தார்கள். அவர்களுக்கு எலும்பு உடைந்தது.

வீட்டில் கை ஓங்கியதில்லை. மனைவி காய்ச்சலில் போனபிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். வலிக்காமல் சிக்கெடுப்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், "உன் அம்மா எவ்வளவு அழகா பின்னி விடுறாங்க" என்றாளாம். அதை அவர் ஆணியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆணி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பான்.

மகள் வளர்ந்து பெரிய துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விற்பது அவள் வேலையில்லை. என்ன வாங்குவது என்று தெரியாமல் விழிக்கிறவர்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, உனக்கு இதுதான் சேரும் என்று சொல்வது. அதற்கென்றே தனியாக வந்து காத்திருந்தார்கள். அப்பாவின் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை விடச் சொல்லியிருக்கிறாள். வெளியே கேட்டால் இருவரும், "கட்டிட மேற்பார்வை" என்பார்கள். ஒருவகையில் உண்மைதான்.

அந்த வருஷம் அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போயிற்று. பையனுடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், அம்மா டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச்சொல்லியிருந்தார்கள். சம்பந்தியைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு முந்தின ஞாயிறு மகள் அவருடைய அலமாரியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் கட்டிலில் குவித்தாள். அலமாரியிலிருந்து துணி வந்து விழும் ஓசையைக் கேட்டதும் அவருடைய கால் தானாக அகன்று நின்றது. பிறகு சுதாரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, இது என்ன, ஒரே சட்டையை எத்தனை தடவை வாங்குவீங்க?"

"நல்லா உழைக்குது கண்ணு."

"இதப் போட்டுக்கிட்டு வந்தா பையனோட அம்மா பீரோவைப் பூட்டிட்டுத்தான் கதவைத் தொறப்பாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"எதுல?"

"துணியிலப்பா. கலர், கோடு, கட்டம், ஏதாவது. கடையில நான் மொதல்ல இதத்தான் கேப்பேன். பிடிச்சது ஒண்ணு தெரிஞ்சா மிச்சத்த அதச் சுத்திக் கட்டிடலாம்."

அவர் யோசித்தார். அவர் எத்தனையோ அலமாரிகளைத் திறந்து பார்த்திருக்கிறார். ஊரிலிருப்பவர்கள் எதையெல்லாம் மடித்து, எதற்கு நடுவில் எதை ஒளித்து வைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு கடைக்காரனுக்குக்கூடத் தெரியாது. கவரைப் பிரிக்காமல் வைத்த ஒற்றைச் சட்டைகள். செத்துப்போன பிள்ளையின் கவுன்கள். தனக்குப் பிடித்தது என்று எதையும் அவற்றிலிருந்து அவர் எடுத்து வைத்ததில்லை. ஒவ்வொன்றையும் ஏன் விட்டோம் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

"நீயே சொல்லு," என்றார்.

"மூணு கலர் போதும். வெளிர் நீலம், சாம்பல், வெள்ளை. அதுக்கு மேல கண்ண அலைய விடாதீங்க. தனியா ஒரு துணி வாங்கவே கூடாது. அது வீட்டுக்கு வந்தா ஏற்கெனவே இருக்குறவங்களோட ஒத்துப்போகணும். எந்தச் சட்டைய எந்தப் பேண்ட்டோட எடுத்தாலும் சேரணும். அப்பத்தான் அது ஒரு ஆளோட உடுப்பு. இல்லன்னா குப்பை."

"மருமகளுக்குச் சொல்ற மாதிரி சொல்ற."

"காமெடி பண்ணாதீங்க. இன்னொண்ணு." அவள் ஒரு கரும்பழுப்புச் சட்டையை மடிப்பதை நிறுத்தினாள். "நீங்க வேலைய விட்டுட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். ரிட்டயர் ஆயிட்டார்னு. அது உண்மையா இருக்கணும். அந்த வேலை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துச்சுன்னா நான் என் கல்யாணத்த தனியா பண்ணிக்குவேன். அப்புறம் உங்க வீட்டுக்கும் வர மாட்டேன். வெளையாட்டுக்குச் சொல்லலப்பா."

"விட்டுட்டேன்னு மேனேஜர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன்."

அதை அவர் மனதாரச் சொன்னார். மறுநாள் போய்ச் சொல்லவும் செய்தார். மேனேஜர், "நல்ல விஷயம். பொண்ணு கல்யாணம்னா சும்மாவா?" என்று கைகுலுக்கினார். பழைய உடுப்பையெல்லாம் மகள் மூட்டை கட்டிக் கொண்டுபோய் எங்கேயோ போட்டுவிட்டாள். அலமாரியில் நீலமும் சாம்பலும் வெள்ளையும் மூச்சுவிட இடம் விட்டுத் தொங்கின. கதவு இரவில் எழுந்தபோதெல்லாம் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் படுத்தார்.

ஞாயிறு காலை அவர் ரொம்ப சீக்கிரம் உடுத்திவிட்டார். வெளிர் நீலச் சட்டை, காலரோடு, பாக்கெட்டோடு. சாம்பல் பேண்ட், பெல்ட், லேஸ் ஷூ. மகள் கடைக்குப் போய் அரை நாள் வேலையை முடித்துவிட்டு நேராகப் பையன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மதியம் வரை என்ன செய்வது? உட்கார்ந்தால் பேண்ட் கசங்கும். நின்றுகொண்டே இருந்தார். ஜன்னலருகில் நின்றார், சமையலறையில் நின்றார். அப்போது மேனேஜர் போன் செய்தார். போகிற வழியில்தான், மூன்றாவது மாடி, ஒரு பஸ் மெக்கானிக், புருஷன் பொண்டாட்டி மட்டும். ஆணி பார்த்துக்கொள்வான். அவர் சும்மா கீழே நின்றால் போதும், கடைசித் தடவை.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். இன்னும் எவ்வளவு நேரம்தான் நிற்பது என்றும் இருந்தது. ஆணி இந்த உடுப்பைப் பார்க்கவில்லையே என்றும் இருந்தது.

"கீழதான் நிப்பேன்," என்றார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆணி இன்னும் வந்திருக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது; அக்குளில் ஈரம் படர ஆரம்பித்ததும் அவர் நிழலுக்காகப் படிக்கட்டுக்குள் போனார். கீழ்ப் படியில் யாரோ எதையோ சிந்தியிருந்தார்கள், ஷூவுக்காக மேலே ஏறினார். இரண்டாவது மாடியில் குப்பை நாறியது. மூன்றாவது மாடியில் காற்று வந்தது. அங்கே நின்றபோது ஒரு வீட்டின் கதவு திறந்தது.

"வாங்க சார், வாங்க வாங்க. நேத்தே வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோம்," என்றாள் ஒரு பெண். உள்ளே திரும்பி, "ஏங்க, சார் வந்துட்டாரு!"

வாடகைத் தகராறு விசாரிக்கிற சர்க்கார் ஆபீசிலிருந்து யாரோ அதிகாரி வருவதாக அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் இல்லை, நான் வேறு ஆள் என்று சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். வெறும் பனியனோடு வந்த மெக்கானிக், "மன்னிச்சுக்கங்க சார், இப்பத்தான் குளிச்சேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எண்ணெய் ஏறிக் கறுத்த நகங்கள். அவர் உயரமே இருந்தான், தோளும் அதே அகலம். கதவு உட்கார்ந்தார். கசங்குவது பற்றி மறந்துவிட்டார்.

இருபது வருஷமாக அவர் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். ஒருவரும் அவருக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. இவள் கண்ணாடி டம்ளரில் கொடுத்தாள்.

"அடியாள அனுப்பப் போறாங்களாம் சார்," என்றான் மெக்கானிக். "நாங்க எதையும் ஏமாத்தல. போகச் சொன்னா ஒரு மாசம் டைம் குடுங்கன்னுதான் கேக்குறோம். இவளுக்கு இப்ப உடம்பு சரியில்ல, ஆபரேஷன் ஆயி பத்து நாள்தான் ஆகுது. கதவுன்னு ஒருத்தனாம். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அவன பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் கதவு.

"நேர்ல பாத்ததில்ல சார். பாத்தாலே தெரிஞ்சிருமாம்."

அந்தப் பெண் சுவரோரம் மேசையில் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடு. "உங்க ஆபீசுக்கு இவரு வரணும்னு சொன்னாங்கல்ல, அதுக்குத்தான் சார். இருக்குறதே நல்லதா இது ஒண்ணுதான்." தேய்த்து முடித்துச் சுவரில் மாட்டினாள். அடுத்ததாகத் தலையணை உறையை எடுத்து விரித்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் கதவு. தன் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. "ஒரு மாசம்தானே. சொல்லிப் பாக்கலாம்."

அந்த நிமிஷம் அவர் உண்மையாகவே மேனேஜரிடம் சொல்லத்தான் நினைத்தார். பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மெக்கானிக் குனிந்து அவர் முழங்காலைத் தொட்டான்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஆணி உள்ளே வந்தான்.

"அண்ணே! டயர் பஞ்சர். கீழ தேடுறேன், இங்க என்ன மாப்பிள்ள மாதிரி உக்காந்துருக்கீங்க? அய்யய்யோ, காலர் வேற!" பேசிக்கொண்டே நேராக அலமாரிக்குப் போனான். திறந்தான், அள்ளினான், ஜன்னலுக்கு வெளியே போட்டான். திரும்பி வந்து சுவரிலிருந்த சட்டையையும் உருவிப் போட்டான். எல்லாம் பழக்கத்தில் நடந்தது.

இருவரும் கீழே ஓடவில்லை. அவரைப் பார்த்தார்கள்.

"சார்," என்றான் மெக்கானிக். "சார், நீங்க கேளுங்க சார்."

"சாரா? யாரு?" ஆணி இளித்தான். "ஏன்யா, வீட்டுக்குள்ள கதவ உக்கார வெச்சுத் தண்ணி குடுத்துக்கிட்டிருக்க!"

கதவு எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பெண் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மார்பில் வைத்தாள். வீசவில்லை, அடிக்கவில்லை. துணியைத் தேய்ப்பதுபோல வைத்து அழுத்தினாள். நீலச் சட்டையும் உள்ளே பனியனும் சுருங்கிப் புகைந்து, தோலோடு ஒட்டின. பிளக் வயர் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டது. அவர் அலறியது தெருவரை கேட்டது.

பெட்டியைத் தட்டிவிட்டார். பெண்ணை அடிக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே நியதி. அதனால் புருஷனை அடித்தார்.

முதல் அடி வாயில். சார் என்று சொன்ன வாய் அது. பல் உடைந்து அவருடைய விரல் மூட்டில் ஏறியது. மெக்கானிக் சும்மா நிற்கவில்லை. புதுக் காலரைப் பிடித்தான், பெல்ட்டைப் பிடித்தான், பிடிக்க எல்லா இடமும் இருந்தது. இருவரும் மேசையோடு விழுந்தார்கள். கதவு மேலே ஏறி உட்கார்ந்து அடித்தார். மூக்கு உடைந்தபோது மாவு பிசையும் சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஆள் விழுந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கம். விழுந்தால் வேலை முடிந்தது. அன்று நிறுத்த முடியவில்லை. அந்த முகம் அவரைப் பார்த்துச் சிரித்து, குனிந்து, நம்பியிருந்தது. அது அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தார். பெண் அவர் முதுகில் தொங்கிக் கழுத்தைக் கடித்தாள். அவளை ஒரு உதறு உதறினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள்.

"அண்ணே போதும். அண்ணே! செத்துருவான்!" ஆணி அவர் கையைப் பிடித்துத் தொங்கினான். "என்னண்ணே ஆச்சு உங்களுக்கு? அந்தப் பழைய டிரஸ்ல வந்திருந்தா ஒரு அடி விழுந்திருக்காதேண்ணே."

மாடி முழுக்க வீடுகள் ஒவ்வொன்றாகத் தாழிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பூட்டை மாற்ற வேண்டியதைக்கூட ஆணி மறந்துவிட்டான்.

கீழே தெருக்குழாயில் கதவு கையைக் கழுவினார். வலது கை கையுறை போட்டதுபோல வீங்கியிருந்தது. சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை, அதன் விளிம்பில் கருக்கல், மற்ற இடமெல்லாம் சிவப்பு. வெளிர் நீலத்தில் சிவப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்று அப்போதுதான் பார்த்தார். வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரம் இல்லை. வாசலில் மகள் காத்திருப்பாள்.

துணிகள் காலடியில் கிடந்தன. புடவை, துண்டு, காக்கிச் சட்டைகள். மேலே அந்தப் பெண் விட்டு விட்டு ஊளையிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். காக்கி ஆகாது. கட்டம் போட்டது ஒன்று இருந்தது, பச்சை. கண்ணை அலைய விடாதே. வெள்ளையில் சாம்பல் கோடு. பேண்ட்டின் சாம்பலும் கோட்டின் சாம்பலும் ஒன்றுதானா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். சேர்ந்தது. சட்டையில் இன்னும் இஸ்திரியின் சூடு இருந்தது. நீலத்தை உரித்து எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். தோள் சரியாக உட்கார்ந்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணே," என்றான் ஆணி. சொல்லிவிட்டுச் சாக்கடையில் வாந்தியெடுத்தான்.

பையன் வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே அவள் பார்வை முதலில் சட்டையில்தான் விழுந்தது.

"நீலம் எங்கப்பா?"

"காபி கொட்டிடுச்சு."

"இது நான் வாங்கினதில்லையே."

"ஆணியோடது. அவசரத்துக்கு வாங்கிப் போட்டேன்."

ஆணியை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆணி சட்டைக்குள் அவர் கை ஒன்றுதான் நுழையும். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தபோது உள்ளிருந்து பையனுடைய அம்மா, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க? வாங்க வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் நல்ல மனிதர்கள். மேசையில் நல்ல விரிப்பு. பையன் ஓடி ஓடிப் பரிமாறினான். கதவு முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குனிந்தால் மார்புத் தோல் கிழிந்தது.

"என்ன ஒரு கம்பீரம்!" என்றாள் டீச்சர். "இவரப் பாருங்க, கூன் விழுந்து உக்காந்திருக்காரு. சம்பந்திகிட்ட கத்துக்குங்க."

"மருந்து பாட்டில்ல பொடி எழுத்தா போடுறான். குனியாம எப்படிப் படிக்கிறது?" என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு, "கை என்னாச்சு உங்களுக்கு? நல்லா வீங்கியிருக்கே."

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சட்டை ரொம்ப நல்லாருக்கு," என்றாள் டீச்சர். "பொண்ணு எடுத்துக் குடுத்ததா?"

"ஆமாத்தே," என்றாள் மகள். "எங்க கடையிலதான்." அவள் இப்படி நேருக்கு நேர் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. இவ்வளவு சரளமாகச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியாது.

அவர் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். எல்லாம் கடந்துவிடும் போலத்தான் இருந்தது. டீச்சர் திடீரென்று, "அங்க ஏதோ ஈரம் பட்டிருக்கே" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். மார்பில், வெள்ளையும் கோடுமாக இருந்த இடத்தில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு கசிவு வந்திருந்தது. ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் தட்டையாக. அது பரவிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்தாள். "வாங்கப்பா, கழுவிடலாம்."

பின்பக்கம் துவைக்கிற அறை. உள்ளே போனதும் தாழிட்டாள். "கழட்டுங்க."

கழற்றினார். அவள் பனியனைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிய கையை உடனே எடுத்துவிட்டாள். அவர் கழுத்தில் பல் பதிந்த தடத்தையும் பார்த்தாள்.

"ஆள் இருக்காரா?"

"இருக்கான். மூச்சு இருந்துச்சு."

"எந்த வீடு?"

அவர் தெருவைச் சொன்னார், மாடியைச் சொன்னார். மறைக்க நினைத்தும் சொல்லிவிட்டார்.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே. எதுக்குப்பா போனீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "நேரம் நெறைய இருந்துச்சு. உக்காந்தா பேண்ட் கசங்கிடும்னு..."

அவள் குழாயைத் திறந்து சட்டையை நனைத்து, கறையில் சோப்பைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கடையில் கற்ற மாதிரி, துணி நோகாமல், விரல் நுனியால். தண்ணீர் வேகமாக வந்து அவள் புது உடையில் தெறித்தது. குழாயைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவர் அவள் தலைக்கு மேலே கையை நீட்டினார்.

அவள் முழங்கை சட்டென்று உயர்ந்து முகத்தை மறைத்தது. தலை தோளுக்குள் போயிற்று. கண் இறுக மூடியிருந்தது.

அவர் கை அந்தரத்தில் நின்றது. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. சிறிது நேரம் கழித்து அவள் முழங்கையை இறக்கினாள். தான் அப்படிச் செய்ததை அவளும் இப்போதுதான் கவனித்தாள் போலிருந்தது. அவரைப் பார்க்காமல் சட்டையைப் பிழிந்தாள்.

"நீங்க பின்வாசல் வழியா போயிடுங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

"கண்ணு..."

"கல்யாணத்துக்கும் உங்களுக்கு உடம்பு சரியில்லாமத்தான் இருக்கணும். சாயங்காலம் வந்து என் சாமான எடுத்துக்கிறேன். நீங்க அப்ப வீட்ல இருக்க வேண்டாம்."

"சட்டை?"

"இத நான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

மேலே சட்டை இல்லாமல், கருகிய பனியனோடு அவர் பின்முற்றத்துக்கு வந்தார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீச்சர், "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். மகள் என்ன சொல்வாள் என்று கேட்க அவர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார்.

"கெளம்பிட்டாருத்தே. உடம்புக்கு முடியல."

"அடப்பாவமே. எவ்வளவு நாளா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா," என்றாள் மகள். "நீங்க உக்காருங்க. நான் போடறேன்."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. வலது கையால் முடியவில்லை. இடது கையால் ஆட்டி ஆட்டி, சத்தம் வராமல் திறந்தார்.